ஆறாம் துப்பாக்கியின் தாங்கி

ஜூன் 3, திங்கள்

என் பெயர் கா. திருமூர்த்தி. வயது ஐம்பது. இயந்திரவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவன். மோட்டார் பம்பு ஆலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் மேலாளர். பொள்ளாச்சியிலுள்ள எங்கள் குறிஞ்சி காற்றுத்துப்பாக்கிக் கழகத்தில் கருவிச் சோதகர் என்னும் கௌரவப் பொறுப்பையும் சில ஆண்டுகளாக வகித்துவருகிறேன். வரும் ஞாயிறன்று கழகம் முதன்முறையாக, தொலைநோக்கி பொருத்திய ஸ்பிரிங் துப்பாக்கிகளுக்கான போட்டியை நடத்துகிறது. கழகத்துக்குச் சொந்தமான ஆறு துப்பாக்கிகளுக்கும் தொலைநோக்கியைப் பிடித்து நிறுத்தும் தாங்கிகளை, அதாவது மவுண்ட்டுகளை, தேர்ந்தெடுத்துப் பொருத்தும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. எனக்குப் பின் இப்பொறுப்புக்கு வருபவர் இதைப் படித்துப் பயன்பெற வேண்டும் என்பதே இந்நாட்குறிப்பின் நோக்கம்.

அடிப்படையை முதலில் எழுதிவிடுகிறேன். வெடிமருந்துத் துப்பாக்கி பின்னோக்கி மட்டுமே உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கி அப்படியன்று. விசையை இழுத்ததும் உள்ளிருக்கும் சுருள்வில் விரிந்து உந்துதண்டை முன்னே தள்ளும். துப்பாக்கி பின்னே வரும். உந்துதண்டு காற்றை நெரித்துக்கொண்டு போய் முடிவில் மோதி நிற்கும்போது, துப்பாக்கி சட்டென்று முன்னே துள்ளும். பேருந்து கிளம்பும்போது நின்றிருப்பவர் பின்னே சாய்வதுபோல, மேலே அமர்ந்திருக்கும் தொலைநோக்கி அந்தத் துள்ளலில் பின்தங்கும். கண்ணுக்குத் தெரியாத அளவில், சுடச் சுட, அது சுடுபவரின் கண்ணை நோக்கி நகர்ந்து வரும். திருகை எவ்வளவு இறுக்கினாலும் உராய்வை மட்டும் நம்பக் கூடாது. இவ்வாக்கியத்தை அடிக்கோடிட்டிருக்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

மாலைப் பயிற்சிக்குப் பின் தகரக் கொட்டகையில் கூடிப் பேசினோம். இரு வளையங்களும் தனித்தனியாக இருக்கும் தாங்கி மலிவு. இரு வளையங்களும் ஒரே அடிக்கட்டையில் அமைந்த தாங்கி விலை கூடியது. ஆனால் நீளமாகப் பிடிக்கும். அத்துடன் அதன் அடியில் ஒரு தடுப்பு முளை உண்டு. துப்பாக்கியின் மேற்புறத்தில் உள்ள துளைக்குள் அந்த முளை இறங்கிவிட்டால் தாங்கி எங்கும் போகாது. நான் இரண்டாவதைப் பரிந்துரைத்தேன்.

உரக்கடை ரங்கதுரைக்கு இது பிடிக்கவில்லை.

"ஏனுங்க இஞ்சினியரே, ரெண்டு துண்டு மவுண்ட்டு பாதி வெலைக்குக் கெடைக்குதுங்க. நல்லா முடுக்கி உட்டா எங்க போயிரும்? ஸ்கோப்புக்கென்ன காலா மொளைச்சிருக்குது, நடந்து போறதுக்கு?"

"நடந்து போகாது. நடந்து வரும். உங்கள் கண்ணை நோக்கி" என்றேன். காரணத்தையும் விளக்கினேன்.

"அப்ப இது துப்பாக்கிக்குப் போடற தடுப்பூசின்னு சொல்லுங்க" என்றார் அவர். கொட்டகை முழுவதும் சிரித்தது.

கழகத் தலைவர் நாச்சிமுத்து தென்னந்தோப்புக்காரர். பேச்சை முடித்துவைக்கத் தெரிந்தவர். "ஏப்பா ரங்கதுரை, உனக்கு யூரியாவத் தவுத்து என்ன தெரியும்? திருமூர்த்தி சொன்னா சொன்னதுதான். பொண்டாட்டி சுட்ட தோசையக்கூட அளந்து பாத்துட்டுத்தான் திங்கற ஆளு."

சிரிக்காமல் கேள்வி கேட்டவர் கோகிலவாணி ஒருவரே. "சார், மடக்கற கொழாய் கொஞ்சம் கீழ பாத்தாப்பல இருந்துச்சுன்னா, குண்டு கீழயே போகுமுங்களே. அதையும் மவுண்ட்டுலயே சரி பண்ணிக்கலாமுங்களா?" பொருத்தமான கேள்வி. எங்கள் துப்பாக்கிகளில் குழலைக் கீழே மடக்கித்தான் சுருள்வில்லை அழுத்திப் பூட்ட வேண்டும். இதற்கென்றே பின்புறம் சற்று உயர்ந்த தாங்கிகள் உண்டு என்று சொன்னேன். அவர் மகளிர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தற்காலிக விளையாட்டு ஆசிரியை. அப்பள்ளி துப்பாக்கிப் பயிற்சி தொடங்குகிறது. அதற்கு நிரந்தரப் பயிற்றுநர் ஒருவரை இம்மாத இறுதிக்குள் எடுக்கப்போகிறது. ஞாயிறு போட்டியின் முடிவைப் பார்த்துத் தீர்மானிப்பதாகத் தாளாளர் சொல்லியிருக்கிறாராம்.

ஜூன் 5, புதன்

விதிமுறைகளுக்கு இறுதி வடிவம் கொடுத்தேன். பதினோராம் விதி முழுக்க என்னுடையது. குறிபார்த்துச் சரிசெய்த பின், தாங்கியும் துப்பாக்கியும் சேரும் விளிம்பில் குறுக்காக ஒரு கோடு நகப்பூச்சு இடப்படும். போட்டி முடிவில் அக்கோடு முறிந்திருந்தால், போட்டியாளர் தொலைநோக்கியை நகர்த்தியதாகக் கொள்ளப்படும், புள்ளிகள் செல்லாது, உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம் குறித்துச் செயற்குழு முடிவெடுக்கும். விளக்கம் கேட்க வேண்டிய அவசியமே எழாத விதி. இதை எழுதி முடித்தபோது ஒரு நிறைவு ஏற்பட்டது.

நகப்பூச்சை மனைவியிடம் கேட்டு வாங்கினேன். பூங்கோதை சொன்னாள்: "ஏனுங்க, என்ற தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட இதத் தொடலீங்க நானு. துப்பாக்கிக்குப் பூசறீங்களா? நல்லா மருதாணியும் வெச்சு உடுங்க."

ஜூன் 6, வியாழன்

தாங்கிகள் வந்துவிட்டன. அரைநாள் விடுப்பு எடுத்து ஐந்து துப்பாக்கிகளை முடித்தேன்.

துப்பாக்கியின் மேற்புறக் காடிகளை, அதாவது தாங்கி பற்றும் நீளப் பள்ளங்களை, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிப்பு குறையும். தாங்கியை வைத்து முளையைத் துளைக்குள் இறக்கிய பின்பே பக்கத் திருகுகளை இறுக்க வேண்டும். வளையத் திருகுகளை ஒரே மூச்சில் முடுக்கக் கூடாது. மாற்றி மாற்றி, எதிரெதிராக, சிறிது சிறிதாக. மிகுதியானால் தொலைநோக்கியின் குழாய் நசுங்கும். சுவரில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அதன் நூலோடு தொலைநோக்கிக்குள் தெரியும் குறுக்கிழை ஒன்றும்வரை திருப்பி நிறுத்தினேன். ஐந்திலும் முளை இறங்கும்போது ஒரு சிறு ஒலி கேட்டது. அந்த ஒலி எனக்குப் பிடித்திருந்தது.

குளியலறைக் குழாய் சொட்டுகிறது.

ஜூன் 7, வெள்ளி

ஆறாவதையும் முடித்தேன். இது பின்னர் தனியாக வாங்கப்பட்ட துப்பாக்கி. தோற்றத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் மேற்புறத்தில் துளை இல்லை. முளையை இறக்கினால் அது இரும்பில் முட்டித் தாங்கியைத் தூக்கிவிடுகிறது. எனவே முளை உயர்த்திவைக்கப்பட்டு, பக்கத் திருகுகள் கூடுதலாக இறுக்கப்பட்டன. தாங்கிக்குப் பின்னால் வைக்கும் தனித் தடுப்புக் கட்டை ஒன்றைக் கோயம்புத்தூர்க் கடையில் கேட்டேன். அடுத்த வாரம்தான் வருமாம். இருபது குண்டுகள் சுட்டுப் பார்க்கப்பட்டன. அசைவு தென்படவில்லை. தற்காலிக ஏற்பாடு என்ற அளவில் போதுமானது.

குழாய்க்கு வாஷர் மாற்றினேன்.

ஜூன் 8, சனி

தலைவர் பார்வையிட வந்தார். எல்லோரும் இருந்தார்கள். "ஆறுலயும் அந்த மொளை எறங்கிருச்சல்லப்பா?" என்று கேட்டார். ரங்கதுரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பதில் தலைவருக்கு நிறைவளித்தது.

சாரல் தொடங்கிவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

நடந்ததை வரிசை பிறழாமல் எழுதுகிறேன்.

காலையில் குலுக்கல் முறையில் துப்பாக்கிகள் ஒதுக்கப்பட்டன. ஆறாம் எண் கோகிலவாணிக்கு வந்தது. பார்வையாளர் வரிசையில் பள்ளித் தாளாளர் அமர்ந்திருந்தார். பக்கத்தில் சீருடையில் சில மாணவிகள். எல்லோரும் குறிபார்த்துச் சரிசெய்துகொண்ட பின், ஒவ்வொரு துப்பாக்கியிலும் நானே கோடு இட்டேன்.

முதல் இரண்டு சுற்றுகளிலும் கோகிலவாணியே முன்னிலையில் இருந்தார். மூன்றாம் சுற்றின் நடுவில் கையை உயர்த்தினார். நான் போனேன்.

"சார், ஸ்கோப்பு என்னையப் பாத்து வர்ற மாதிரி இருக்குதுங் சார். மொதல்ல முழு வட்டமும் தெரிஞ்சுதுங். இப்பப் பக்கத்துல வந்துட்ட மாதிரி ஓரமெல்லாங் கருப்பா இருக்குதுங்."

"சுற்றின் நடுவில் சோதகரிடம் பேசக் கூடாது என்பது விதி" என்று சொன்னேன்.

"செரிங் சார்" என்று சொல்லிவிட்டு மீண்டும் குனிந்துகொண்டார்.

அவரது கடைசிச் சுற்று சிதறியது. ஆயினும் மொத்தப் புள்ளிகளில் அடுத்த இடத்திலிருந்த ரங்கதுரையை விட முன்னேதான் இருந்தார். இறுதிச் சோதனையில் ஆறாம் துப்பாக்கியின் கோடு முறிந்து, இரு பாதிகளும் விலகி நின்றன. தாங்கி பின்னோக்கி நகர்ந்திருந்தது.

"கையில ஆலன் கீ வெச்சிருந்தாங்களே, பாக்கலீங்களா?" என்றார் ரங்கதுரை, எல்லோருக்கும் கேட்கும்படி. ஆலன் கீ, அதாவது திருகு முடுக்கும் அறுகோணச் சாவி, போட்டியாளர் எல்லோரிடமும் இருந்தது. துப்பாக்கியின் மரக்கட்டையில் உள்ள திருகு தளர்ந்தால் இறுக்க வேண்டியிருக்கும். அதை நான் சொல்லியிருக்கலாம்.

கோகிலவாணி என்னையே பார்த்தார். "சார், நாந் தொடவே இல்லீங் சார்."

பதினோராம் விதியைப் படித்தேன். நடுங்காமல் படித்தேன். மாணவிகளில் ஒருத்தி அழுதாள். தாளாளர் பரிசளிப்புக்கு நிற்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

ஆலையில் வேலை அதிகம்.

ஜூன் 12, புதன்

மாலை தனியாக மைதானத்துக்குப் போய் ஆறாம் துப்பாக்கியைச் சுட்டேன். தாங்கியை முன்னிருந்த இடத்தில் வைத்து, அதே இறுக்கத்தில், புதிதாகக் கோடிட்டு.

நகர்ந்தது.

ஜூன் 13, வியாழன்

ஒருமுறை கண்டதைக் கொண்டு முடிவுக்கு வருவது முறையன்று. இன்றும் சுட்டேன். இன்றும் நகர்ந்தது. முதல் இருபது குண்டுகளில் ஒன்றும் தெரிவதில்லை. அதற்கு மேல்தான் தொடங்குகிறது.

ஆனால் இப்போது நகர்கிறது என்பதும், ஞாயிறன்று இதனால்தான் நகர்ந்தது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முன்னது பின்னதை நிறுவாது. அவர் தொட்டிருக்கவும் வாய்ப்புண்டு.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். தர்க்கத்தில் பிழையில்லை. ஆலையில் ஒரு பொறியாளர் தன் பம்பு கசிந்ததற்கு இப்படியொரு விளக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தால் நான் அந்தத் தாளை அவர் முன்னாலேயே கிழித்திருப்பேன்.

ஜூன் 15, சனி

கோகிலவாணி வீட்டுக்கு வந்தார். நாளை செயற்குழுவில் அவரது பெயர் நீக்கம் பற்றிப் பேசவிருக்கிறார்கள்.

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தும் வைத்திருந்தேன். அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சார், உங்ககிட்ட நாயங் கேக்க வரலீங். ஒரு சந்தேகங் கேக்கத்தான் வந்தனுங். வேற யாரையும் கேட்டா அவங்களுக்குத் தெரியாதுங். நீங்க பொருத்துனது தப்பா இருக்காதுங், அது எல்லாருக்குந் தெரியும். அப்பறம் எப்புடிங் சார் நகுந்துச்சு?"

மேசையிலிருந்த நாளிதழை நான்காக மடித்து வைத்தேன்.

"ஆறு நாளா ரோசன பண்றனுங். கொழாய மடக்கறப்ப எடது கை எங்க இருந்துச்சுன்னு நெனப்பே வர மாட்டேங்குதுங். ஒருவேள அவசரத்துல ஸ்கோப்பப் புடிச்சு இழுத்து மடக்கிட்டனோ என்னவோங். புள்ளைங்களுக்கு அப்புடிப் பண்ணாதீங்கன்னு நானே சொல்றதுங். ஆனா அன்னிக்கு அவ்வளவு படபடப்புங் சார், தாளாளரு வேற உக்காந்திருந்தாரு. நானே அறியாம அப்புடிப் பண்ணிருப்பனுங்களா?"

தொலைநோக்கியைப் பிடித்து இழுத்துக் குழலை மடக்குவது புதியவர்கள் செய்யும் பிழை. அவர் அதைச் செய்து நான் ஒருபோதும் பார்த்ததில்லை. ஞாயிறன்றும் அவர் இடக்கை மரக்கட்டையில்தான் இருந்தது. நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன்.

"இருக்கலாம்" என்றேன்.

எழுதும்போது இந்த ஒரு சொல் சிறியதாகத்தான் இருக்கிறது.

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விடை கிடைத்துவிட்டதைப் போல இரண்டு முறை தலையாட்டினார். "அப்ப அப்புடித்தான் இருக்குமுங். வேணும்னு பண்ணல, தெரியாமப் பண்ணிட்டேன்னு நாளைக்குச் சொல்லிப் பாக்கறனுங். நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க சார்."

பூங்கோதை காபி கொண்டுவந்தாள். கோகிலவாணி குடித்துவிட்டு, தம்ளரைத் தானே அடுக்களையில் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 16, ஞாயிறு

செயற்குழு கூடியது. கோகிலவாணி எழுந்து நின்று, பதற்றத்தில் தெரியாமல் தொலைநோக்கியைப் பிடித்து இழுத்திருக்கக் கூடும் என்றும், தன்னை மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். மன்னிப்பு என்ற சொல்லுக்கு முன்னால் சிறிது நின்றார்.

"தெரியாம இழுத்தா ஒருக்கா இழுக்கலாமுங். அவ்வளவு தூரம் நகுந்திருக்குதே" என்றார் ரங்கதுரை. "நாளைக்கு நாங்கூடத் தெரியாம நாலு புள்ளி சேத்து எழுதிக்கறனுங்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா சொல்ற?"

வாய் திறந்தேன். அறையில் ஒன்பது பேர். அவர்களில் யாரும் இதுவரை என் அளவை மறுபடி அளந்து பார்த்ததில்லை. "அவர் உள்நோக்கத்துடன் செய்யவில்லை என்பது என் கருத்து" என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. முழுதும் பொய்.

பெயர் நீக்கம் கைவிடப்பட்டது. புள்ளிகள் செல்லாதவையாகவே இருக்கும். "மன்னிச்சுட்டோம். போம்மா கண்ணு, போய் நல்லாப் பழகு" என்றார் தலைவர். கோகிலவாணி எல்லோரையும் கும்பிட்டார். கடைசியாக என்னை.

ஜூன் 18, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து தடுப்புக் கட்டை வந்தது. ஆறாம் துப்பாக்கியில், தாங்கிக்குப் பின்னால் முட்டுக்கொடுத்துப் பொருத்தினேன். அறுபது குண்டுகள் சுட்டேன். இம்மியும் நகரவில்லை.

இனி யார் சோதித்தாலும் ஆறாம் துப்பாக்கியில் குறை காண முடியாது. இதை அறிந்தேதான் பொருத்தினேனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். பதில் எழுதவில்லை.

ஜூன் 20, வியாழன்

ஆலையிலிருந்து திரும்பியபோது வாசலில் கோகிலவாணி நின்றிருந்தார். கையில் ஒரு சீப்புச் செவ்வாழை. "எங்க சித்தப்பா தோட்டத்துக் காயிங் சார். உங்களாலதான் பேரு தப்பிச்சுது. வெறுங்கையோட வரக் கூடாதுன்னுட்டு…"

பள்ளியைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"தாளாளரு கூப்புட்டுப் பேசினாருங். மன்னிச்சுட்டாங்கன்னு சொன்னனுங். 'மன்னிச்சாங்கன்னா தப்புப் பண்ணிருக்கறீங்கன்னுதானம்மா அர்த்தம்'னாருங். அதுவும் செரிதானுங்களே." சிரிக்க முயன்றார். "உடுமலையிலருந்து இன்னொருத்தங்க வர்றாங்களாம். வர்ற திங்கக்கெழம முடிவு பண்ணிருவாங்க. அந்த வேலையில்லாட்டிப் போவுதுங் சார், இருக்கறதத் தக்கவெச்சுக்கிட்டாப் போதும். எட்டாவது படிக்கற புள்ளைங்க ரெண்டு பேரு, டீச்சர் பொய்யாட்டம் ஆடுனாங்கன்னு தண்ணித் தொட்டிகிட்ட பேசிட்டு நின்னுதுங்க. நா வர்றதப் பாத்ததும் வாய மூடிக்கிச்சுங்க. அதுதானுங் சார்…"

சாரல் வலுத்தது. குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜூன் 22, சனி

இரண்டு நாட்களாகச் செவ்வாழையை யாரும் தொடவில்லை. இன்று காலை பூங்கோதை கேட்டாள்.

"அந்தப் புள்ள வந்தப்ப அது மூஞ்சிய ஒருக்காக்கூட நீங்க பாக்கலீங்க. தரையத்தான் பாத்தீங்க. எதுக்குங்க?"

சொன்னேன். துளையில்லாத ஆறாம் துப்பாக்கியில் தொடங்கி, தலைவர் சனிக்கிழமை கேட்டபோது "ஆறிலும் இறங்கிவிட்டது" என்று ரங்கதுரை எதிரில் நான் சொன்னதையும் சொன்னேன். இந்நாட்குறிப்பில் அந்தப் பதிலை நான் எழுதவில்லை. அவள் கேட்டபோதுதான் அது என் வாயிலிருந்து வந்தது. ஒன்றில் இறங்கவில்லை என்று சொன்னால் ரங்கதுரை என்னைப் பார்த்துச் சிரித்துவிடுவார் என்று அஞ்சினேன். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று இத்தனை நாளும் தேடினேன், இல்லை.

பூங்கோதை அடுப்பை அணைத்தாள்.

"அப்ப அந்தப் புள்ள செய்யாத தப்புக்கு ஒம்பது பேரு முன்னால மன்னிப்புக் கேட்டுச்சு. நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருந்தீங்க."

"ஆமாம்."

"அதுவே தப்புப் பண்ணிருக்கும்னு அத நம்ப வெச்சதும் நீங்கதான்."

"ஆமாம்."

"இந்தப் பழத்த நான் எப்புடிங்க சாமிக்கு வெப்பேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 23, ஞாயிறு

காலையில் தலைவரின் தோப்புக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தவர்களை அனுப்பிவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

"உடப்பா" என்றார் பிறகு. "அதுதான் மன்னிச்சுட்டமல்ல? நீயே தப்புன்னு வெளிய சொன்னா, அப்பறங் கழகத்துல எவன் எதை நம்புவான்? தாளாளரு எனக்குத் தெரிஞ்சவருதான். நானே போன்ல ஒரு வார்த்த சொல்லிக்கறேன், ஏதோ சாமான் கோளாறுன்னு. உம்பேரும் கெடாது, அந்தப் புள்ள பேரும் கெடாது."

"விசாரித்தால்?"

"எவன் விசாரிக்கறான்? இப்பத்தான் கட்டை வெச்சு மாட்டிட்டீங்கறயே. நல்லாத்தான இருக்குது?"

மதியம்வரை அந்த யோசனையோடு இருந்தேன் என்பதையும் எழுத வேண்டும். அதில் ஒரு நேர்த்தி இருந்தது. ஒருவருக்கும் இழப்பில்லாத தீர்வு. சாப்பாட்டில் கை வைத்தபோதுதான் அதிலிருந்த கோணல் தெரிந்தது. சாமான் கோளாறு என்றால் கோளாறு தானாக வந்ததாகிவிடும். கோகிலவாணி தன் கை தவறியது என்றே நம்பிக்கொண்டிருப்பார். இனி வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு முறை குழலை மடக்கும்போதும் தன் இடக்கையைச் சந்தேகத்தோடு பார்ப்பார். வேலையைத் திருப்பித் தந்தாலும் அதை யார் திருப்பித் தருவது? அவர் கையின் மீதிருந்த நம்பிக்கையை நான் ஒரு சொல்லால் எடுத்தேன். அதை வேறொருவர் தொலைபேசியில் திருப்பிக் கொடுக்க முடியாது.

தலைவரைத் தொலைபேசியில் அழைத்து, வேண்டாம் என்று சொன்னேன். "பைத்தியக்காரா" என்றார். பின்னர், "செரி, கூட நான் வரணுமா?" என்றும் கேட்டார். அவரை இதுவரை நான் சரியாக அளந்திருக்கவில்லை. வர வேண்டாம் என்றேன்.

கருவிச் சோதகர் பொறுப்பிலிருந்து விலகும் கடிதம் எழுதத் தொடங்கிப் பாதியில் கிழித்துவிட்டேன். விலகுவது எளிது. விலகிவிட்டால் அடுத்த ஞாயிறு அவர்கள் நடுவில் நிற்க வேண்டியதில்லை. என்னை நீக்குவதா இல்லையா என்பதை, நடந்ததைக் கேட்ட பின் அவர்கள் முடிவு செய்யட்டும்.

செய்யவிருப்பது இது. நாளை திங்கள், பள்ளி தொடங்குவதற்கு முன்னர், கோகிலவாணியின் வீட்டுக்குப் போவேன். வந்தவருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம், அவரும் கொண்டுவருவார். அதை வாங்குவதற்கு முன்பே, வாசலில் நின்றபடி சொல்வேன்: ஆறாம் துப்பாக்கியில் முளை இறங்கவில்லை, அதை அறிந்தே நான் பொய் சொன்னேன், உங்கள் கை மரக்கட்டையில்தான் இருந்தது, நான் பார்த்தேன். அதற்குப் பின் அவர் என்ன சொன்னாலும் நின்று கேட்பேன். அவர் அனுமதித்தால் அவருடன், அனுமதிக்காவிட்டால் தனியாக, தாளாளரிடம் போய் அதையே அந்த மாணவிகளும் கேட்கும்படி சொல்வேன். தண்ணீரை அவர் அப்போதும் கொடுத்தால் வாங்கிக் குடிப்பேன். கொடுக்காவிட்டால் கேட்க மாட்டேன்.